ஆங்கில மொழி வரலாறும் பழைய உரைநடையும்: சேர்த்தே படியுங்கள்

கேள்வி சுருக்கமாக இது: உதவித்தொகைத் தேர்வுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. ஒரு பகுதி ஆங்கில மொழியின் வரலாறு. இன்னொரு பகுதி பேக்கனில் தொடங்கி ஆர்வெல் வரை வரும் கட்டுரை உரைநடை. முதல் பகுதியில் ஆண்டுகளும் ஒலி விதிகளும் மனதில் தங்கவில்லை. இரண்டாவதில் ஒரு பக்கம் புரியவே ஒரு மணி நேரம் ஆகிறது. எதை முதலில் படிப்பது, எப்படிப் படிப்பது?

இவற்றை இரண்டு பாடங்களாக வைத்துக்கொண்டால் நான்கு மாதம் போதாது. ஒரே பாடமாக எடுத்துக்கொண்டால் தாராளமாகப் போதும். நானும் இதே மாதிரி ஒரு தேர்வை எழுதியவன்தான். மொழி வரலாற்றுக்கு ஒரு நோட்டு, உரைநடைக்கு ஒரு நோட்டு என்று பிரித்து வைத்து, ஆண்டுகளை மனப்பாடம் செய்து, முதல் முறை தேறாமல் போனேன். பிறகு இந்தப் பாடத்தை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தபோதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. ஆங்கிலச் சொற்கள் ஒரே இடத்திலிருந்து வந்தவை அல்ல. அடியில் ஜெர்மானியச் சொற்கள், அதன்மேல் வைக்கிங்குகள் கொண்டுவந்த நார்ஸ் சொற்கள், அதன்மேல் பிரெஞ்சு, மேலே லத்தீனும் கிரேக்கமும். இந்த அடுக்குகள் எப்போது, ஏன் வந்தன என்பது மொழி வரலாறு. ஓர் எழுத்தாளர் எந்த அடுக்கிலிருந்து சொல் எடுக்கிறார் என்பதுதான் பெரும்பாலும் அவருடைய உரைநடை. இதைப் பிடித்துக்கொண்டால் ஒரு நோட்டு போதும்.

எடுத்துக்காட்டு சொல்கிறேன். ‘கேட்பது’ என்பதற்கு ஆங்கிலத்தில் ஆஸ்க் உண்டு, க்வெஸ்சன் உண்டு, இன்டராகேட் உண்டு. முதலாவது பழைய ஆங்கிலம், இரண்டாவது பிரெஞ்சு வழி வந்தது, மூன்றாவது லத்தீன். குழந்தை கேட்பது ஆஸ்க். விசாரணை அதிகாரி கேட்பது இன்டராகேட். சொல் எந்த வழியாக வந்தது என்பது அதன் குரலிலேயே இருக்கிறது. கிங்லி, ராயல், ரீகல் மூன்றையும் இதே மாதிரி வைத்துப் பாருங்கள்.

எங்கே தொடங்குவது

பெரும்பாலான பாடநூல்கள் இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தில் தொடங்கும். பாதிப் பேர் அந்த மர வரைபடத்திலேயே சோர்ந்துவிடுவார்கள். நீங்கள் பைபிளில் வரும் பரமண்டல ஜெபத்தில் தொடங்குங்கள். சமயத்துக்காகச் சொல்லவில்லை. ஆயிரம் ஆண்டுகளாக ஒரே உள்ளடக்கம் திரும்பத் திரும்ப மொழிபெயர்க்கப்பட்டிருப்பதால், மாறியது மொழி மட்டும்தான் என்று கண்ணால் பார்க்கலாம். பழைய ஆங்கில வடிவம், 1380-களில் விக்ளிஃப் குழுவினர் செய்த வடிவம், 1611-இன் கிங் ஜேம்ஸ் வடிவம், இன்றைய வடிவம் என்று நான்கையும் ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் வரியை மட்டும் பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் அது ஏறக்குறைய ‘ஃபேடர் ஊரெ, தூ தெ எயர்ட் ஆன் ஹெயோஃபனும்’ என்று ஒலிக்கும். கடைசிச் சொல்லின் முடிவில் இருக்கும் ‘உம்’ ஒரு வேற்றுமை உருபு. நாம் ‘வானங்களில்’ என்கிறோமே, அதுபோலப் பன்மையும் வேற்றுமையும் சேர்ந்து ஒரே சொல்லில் ஒட்டி நிற்கின்றன. விக்ளிஃப் வடிவத்தில் அது ‘இன் ஹெவனெஸ்’ ஆகிவிட்டது. உருபு உதிர்ந்து, முன்னால் வரும் ‘இன்’தான் வேலையைப் பார்க்கிறது. 1611-இல் ‘விச் ஆர்ட் இன் ஹெவன்’. இன்று மனிதருக்கு ‘விச்’ போட்டால் பிழை. அன்று அது இயல்பு. ‘ஆர்ட்’ என்ற வினை வடிவம் பழைய ‘எயர்ட்’ அப்படியே தொடர்ந்து வந்தது. ஒரு வரியில் எவ்வளவு கிடைக்கிறது பாருங்கள்.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. ‘புலி மானைத் துரத்தியது’, ‘மானைப் புலி துரத்தியது’ என்று எப்படிச் சொன்னாலும் நமக்குப் பொருள் மாறாது, ‘ஐ’ உருபு காப்பாற்றுகிறது. பழைய ஆங்கிலமும் பெருமளவு அப்படித்தான் இருந்தது. உருபுகள் உதிர்ந்த பிறகு, யார் துரத்தினார் என்று காட்ட சொல் நிற்கும் இடம் ஒன்றுதான் மிச்சம். எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசை அதனால்தான் இறுகியது. ‘உருபுகளின் இழப்பு’ என்று ஒரு கேள்வி வந்தால், பட்டியல் போடாமல் இந்தக் காரணத் தொடர்பை எழுதுங்கள்.

ஒலி விதிகள்

கிரிம் விதியைப் பார்த்து நிறையப் பேர் பயப்படுகிறார்கள். தேவையில்லை. 1786-இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் ஆற்றிய உரையில் சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்றார். 1822-இல் யாகோப் கிரிம் அந்த உறவை ஜெர்மானிய மொழிகளுக்கு விதியாக வகுத்தார். அந்த விதியின் பாதி சான்றுகள் நாம் தினமும் பயன்படுத்தும் வடசொற்களிலேயே இருக்கின்றன. பாதம், ஃபுட். தந்தம், டூத். தசம், டென். பிதா, ஃபாதர். திரிசூலத்தில் வரும் திரி, த்ரீ. வடமொழியில் ‘ப’ இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘ஃப’ வருகிறது. வடமொழியில் மெல்லொலியோடு, அதாவது குரல்வளை அதிரும் ஒலியோடு, தொடங்கும் தந்தம், தசம் இரண்டும் ஆங்கிலத்தில் ‘ட’ என்று வல்லொலியாகின்றன. திரியின் வல்லொலி ‘த்ரீ’யில் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்து ஊதும் ஒலியாகிவிட்டது. ஒன்று மாற, அது விட்டுப்போன இடத்துக்கு இன்னொன்று நகர்கிறது. விதியின் முக்கியப் பகுதி இவ்வளவுதான்.

இன்னும் ஒரு படி போனால் மதிப்பெண் கூடும். ஃபுட் இருக்கும் அதே மொழியில் பெடல் இருக்கிறது. டூத் பக்கத்தில் டென்டல், டென் பக்கத்தில் டெசிமல், ஃபாதர் பக்கத்தில் பேட்டர்னல். முதலில் சொன்னவை ஆங்கிலம் பிறக்கும் முன்பே அந்த ஒலி மாற்றத்துக்கு உட்பட்டு, பரம்பரையாக வந்த சொற்கள். இரண்டாவது வகை, மாற்றம் முடிந்து பல நூற்றாண்டு கழித்து லத்தீன் வழியாகக் கடன் வாங்கியவை, அதனால் மாற்றம் படாமல் நிற்கின்றன. ஒரு சொல் சொந்தமா கடனா என்று ஒலியை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்பதைத் தேர்வுத்தாளில் நான்கு இணைகளோடு காட்டிவிட்டால், விதியைப் புரிந்துகொண்டவர் எழுதியது என்று திருத்துபவருக்கு உடனே தெரியும். கிரிம் விதிக்கு விலக்காகத் தெரிந்தவற்றை விளக்கும் வெர்னர் விதிக்கு ‘வாஸ்’, ‘வேர்’ என்ற ஓர் இணை போதும். அந்த ஸகரமும் ரகரமும் ஒரே மூல ஒலியிலிருந்து, அழுத்தம் எந்த அசையில் விழுந்தது என்பதால் பிரிந்தவை.

அடுத்தது பெரும் உயிரொலி மாற்றம். ஏறக்குறைய 1400 முதல் 1700 வரை, நெட்டுயிர்கள் வாய்க்குள் ஒவ்வொரு படி மேலே ஏறின. மேலே ஏற இடமில்லாதவை ஈருயிராகப் பிளந்தன. இதை வாயால் சொல்லிப் பார்த்துத்தான் படிக்க வேண்டும். பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் காலத்தில் நேம் என்பது ‘நாம’. டைம் என்பது ‘தீம’ போல. ஹவுஸ் ‘ஹூஸ்’. மூன் ‘மோன’. ஃபீட் ‘ஃபேட்’. ‘ஆ’ மேலே ஏறி ‘ஏ’ ஆகிறது, ‘ஏ’ ஏறி ‘ஈ’ ஆகிறது, ‘ஈ’ உடைந்து ‘ஐ’ ஆகிறது. பின் வரிசையில் ‘ஓ’ ஏறி ‘ஊ’, ‘ஊ’ உடைந்து ‘அவ்’. ஐந்து நிமிடம் உரக்கச் சொல்லுங்கள், நாக்கு ஏறுவது உங்களுக்கே தெரியும். ஆங்கில அகரவரிசையின் முதல் எழுத்தை ‘ஏ’ என்கிறோம், மற்ற பல ஐரோப்பிய மொழிகளில் அது ‘ஆ’. அதற்கும் இதுவே காரணம்.

வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். மாற்றம் பாதியில் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அச்சு எழுத்துக்கூட்டலை மெல்ல மெல்ல உறைய வைத்தது, ஒலி தன் வழியே போய்க்கொண்டிருந்தது. நைட் என்ற வீரனின் பெயரில் இன்று யாரும் உச்சரிக்காத எழுத்துகள் நிற்பதற்கு, அவற்றை எல்லாம் உச்சரித்த ஒரு காலம் இருந்ததுதான் காரணம்.

காக்ஸ்டனின் முட்டைக் கதை

மொழி வரலாறும் உரைநடையும் ஒரே பக்கத்தில் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. நான் யாருக்கும் முதலில் படிக்கக் கொடுப்பது அதைத்தான். காக்ஸ்டன் 1490-இல் ஈனெய்டோஸ் என்ற நூலுக்கு எழுதிய முன்னுரை. தேம்ஸில் இருந்து ஜீலாந்துக்குக் கப்பலில் புறப்பட்ட வணிகர்கள் காற்றில்லாமல் கரை ஒதுங்குகிறார்கள். ஷெஃபீல்ட் என்ற பெயருடைய ஒருவர் ஒரு வீட்டில் போய்ச் சாப்பிட ஏதாவது வேண்டும் என்கிறார், குறிப்பாக ‘எக்ஸ்’ வேண்டும் என்கிறார். அந்த வீட்டுப் பெண் ‘எனக்குப் பிரெஞ்சு தெரியாது’ என்கிறாள். வணிகருக்குக் கோபம் வருகிறது, அவருக்கும் பிரெஞ்சு தெரியாது. கடைசியில் இன்னொருவர் ‘ஐரன்’ என்று சொன்னதும் அவளுக்குப் புரிந்துவிடுகிறது. இந்தக் காலத்தில் ஒருவன் எக்ஸ் என்று எழுதுவதா, ஐரன் என்று எழுதுவதா என்று காக்ஸ்டன் கேட்கிறார்.

இதில் எக் நார்ஸ் மொழியிலிருந்து வந்த சொல். ஐரன் உள்ளூர்ச் சொல், சில்ரன் போல ‘அன்’ சேர்த்துப் பன்மையாக்கியது. 793-இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைத் தாக்கிய வைக்கிங்குகளின் வழித்தோன்றல்கள் பிறகு குடியேறி, ஆல்ஃபிரட் மன்னர் 878-இல் எடிங்டனில் வென்ற பிறகும் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்து, பக்கத்து வீட்டுக்காரர்களாகி, தங்கள் சொல்லை விட்டுச்சென்றார்கள். ஸ்கை, நைஃப், ஹஸ்பண்ட், லா, டேக் எல்லாம் அவர்கள் கொடுத்தவை. தே, தெம், தேர் ஆகிய பிரதிப்பெயர்கள்கூட அங்கிருந்து வந்தவை. ஒரு மொழி பிரதிப்பெயரைக் கடன் வாங்குவது மிக அபூர்வம். இரண்டு மக்களும் எவ்வளவு நெருங்கிக் கலந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பிரெஞ்சுத் தாக்கம் பற்றிய கேள்வியில் பொதுவாக நடக்கும் ஒரு தவறு: 1066-இல் பிரெஞ்சு பேசும் நார்மன்கள் இங்கிலாந்தை வென்ற ஹேஸ்டிங்ஸ் போர், உடனே பிரெஞ்சுச் சொற்கள் கொட்டின என்று எழுதுவது. உண்மையில் முதல் நூற்றைம்பது ஆண்டுகளில் வந்த சொற்கள் குறைவு. மேலே இருந்தவர்கள் பிரெஞ்சு பேசினார்கள், கீழே இருந்தவர்கள் ஆங்கிலம் பேசினார்கள், அவரவர் மொழி அவரவருக்கு. 1204-இல் பிரான்ஸில் இருந்த நார்மண்டி இங்கிலாந்து மன்னரின் கைவிட்டுப் போனதும் பிரபுக்கள் எந்தக் கரை என்று முடிவெடுக்க வேண்டியதாயிற்று. அவர்கள் ஆங்கிலத்துக்கு மாறும்போதுதான் தங்கள் பிரெஞ்சுச் சொற்களையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வெள்ளம் வந்தது 1250-க்குப் பிறகு. அதாவது பிரெஞ்சு ஆட்சி செய்தபோது அல்ல, பிரெஞ்சு தோற்றுக்கொண்டிருந்தபோது. 1362-இல் வழக்கு மன்றங்களில் ஆங்கிலம் பேச வேண்டும் என்று சட்டம் வந்தது, அந்தச் சட்டமே பிரெஞ்சில் எழுதப்பட்டது. கவ், பீஃப், ஷீப், மட்டன் என்று விலங்குக்கு ஆங்கிலச் சொல்லும் அதன் இறைச்சிக்குப் பிரெஞ்சுச் சொல்லும் வரும் இணைகளை எல்லோரும் எழுதுவார்கள். நீங்கள் 1204-ஐயும் 1362-ஐயும் சேர்த்து எழுதுங்கள்.

உரைநடைக்கு வருவோம்

பேக்கனின் கட்டுரைகள் மூன்று பதிப்பாக வந்தன: 1597-இல் 10, 1612-இல் 38, 1625-இல் 58. இந்த எண்கள் கொள்குறி வினாக்களில் அடிக்கடி வரும். ஆனால் எண்களைவிட முக்கியமானது, படிப்பைப் பற்றிய அவரது கட்டுரையில் வரும் இந்த வாக்கியம்: ‘ரீடிங் மேக்கத் எ ஃபுல் மேன்; கான்ஃபரன்ஸ் எ ரெடி மேன்; அண்ட் ரைட்டிங் அன் எக்ஸாக்ட் மேன்.’ வாசிப்பு மனிதனை நிறைவாக்கும், உரையாடல் தயாராக்கும், எழுதுதல் துல்லியமாக்கும் என்பது கருத்து. இப்போது அடுக்கு பிரிப்போம். ரீடிங், மேக், ஃபுல், ரெடி, ரைட்டிங், மேன் எல்லாம் சொந்தச் சொற்கள். கான்ஃபரன்ஸும் எக்ஸாக்டும் மட்டும் லத்தீன். வினை ஒரே ஒரு முறைதான் வருகிறது, மற்ற இரண்டு இடங்களில் தொக்கி நிற்கிறது. இணைப்புச் சொல்லும் மிகக் குறைவு. பேக்கன் ஏன் பழமொழி மாதிரி ஒலிக்கிறார் என்பதற்கு இதுவே விடை. ‘மேக்கத்’ என்ற முடிவைக் கவனியுங்கள். வடக்கிலிருந்து வந்த ‘ஸ்’ முடிவு அப்போது பேச்சில் பரவிக்கொண்டிருந்தது, எழுத்தில் பழைய ‘எத்’ கௌரவத்தோடு உட்கார்ந்திருந்தது. 1611 பைபிளும் ‘எத்’தையே வைத்துக்கொண்டது. அதே பைபிளில் உப்பு தன் சாரத்தை இழந்தால் என்ற இடத்தில் உப்புக்கு ‘ஹிஸ்’ என்று வரும். ‘இட்ஸ்’ என்ற சொல் அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியிருந்தது.

தவ், யூ வேறுபாட்டையும் இந்தக் காலத்து உரைநடையில்தான் பார்க்க வேண்டும். நமக்கு விளக்கவே வேண்டியதில்லை, நீ, நீங்கள். 1603-இல் வால்டர் ராலே மீது நடந்த தேசத்துரோக வழக்கில் அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக் அவரைப் பார்த்து, உன்னை ‘தவ்’ என்றே அழைக்கிறேன், துரோகி என்றார். ஒரு பிரதிப்பெயரே அவமதிப்பாகும் என்பது தமிழ் பேசும் ஒருவருக்கு நொடியில் உறைக்கும்.

மில்டனின் ஏரியோபஜிட்டிகா (1644) நிறையப் பேரை மிரட்டும். 1643-இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த அச்சு உரிமக் கட்டுப்பாட்டை எதிர்த்து எழுதியது. வாக்கியம் ஓடிக்கொண்டே இருக்கும், முக்கிய வினை எங்கோ தள்ளி நிற்கும். இது லத்தீன் வாக்கியக் கட்டு. தமிழ் வாக்கியத்திலும் வினைமுற்று கடைசியில்தான் வருகிறது, கிளைகளை எல்லாம் கையில் பிடித்துக்கொண்டு முடிவுக்குக் காத்திருப்பது நமக்குப் பழக்கம். ஆகவே மில்டனை ஆங்கிலப் பழக்கத்தில் வாசிக்காமல், முக்கிய வினையைத் தேடி அடிக்கோடிட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து படியுங்கள். இரண்டாம் முறை வழி திறக்கும்.

தாமஸ் பிரவுனை ஒரு நாளில் முடித்துவிடலாம், ஆனால் அந்த ஒரு நாளைக் கட்டாயம் கொடுங்கள். லத்தீன் அடுக்கை இசைக்காகப் பயன்படுத்தியவர் அவர். எலக்ட்ரிசிட்டி என்ற சொல்லே 1646-இல் அவர் நூலில்தான் முதலில் காணப்படுகிறது. இப்படிக் கடன் சொற்கள் குவிவதை எதிர்த்து அதற்கு முந்தைய நூற்றாண்டிலேயே பெரிய சண்டை நடந்தது. தாமஸ் வில்சன் 1553-இல் ‘மைக்கூட்டுச் சொற்கள்’ என்று அவற்றைக் கண்டித்தார். நம்மிடம் தனித்தமிழ் விவாதம் நடந்ததே, அதன் சூடு எப்படி இருந்தது என்று தெரிந்தவர்களுக்கு இந்தப் பகுதி எளிதாக மனதில் ஏறும்.

1667-இல் தாமஸ் ஸ்ப்ராட் ராயல் சொசைட்டியின் வரலாற்றை எழுதும்போது, எத்தனை பொருளோ அத்தனை சொல் என்ற அளவில் எழுத வேண்டும் என்ற கொள்கையை முன்வைத்தார். டிரைடன் அந்தத் திசையில் போனார், அடிசனும் ஸ்டீலும் அதை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தார்கள். டாட்லர் இதழ் 1709, ஸ்டீல் தொடங்கியது. ஸ்பெக்டேட்டர் இதழ் 1711, இருவரும் சேர்ந்து. தத்துவத்தை நூலகங்களிலிருந்து வெளியே கொண்டுவந்து தேநீர் மேசையிலும் காபி இல்லங்களிலும் உட்கார வைக்க வேண்டும் என்று அடிசன் பத்தாவது இதழில் சொன்னார். சர் ரோஜர் டி கவர்லி என்ற கற்பனைப் பாத்திரம் வரும் இதழ்களில் ஐந்தாறு படித்தால் போதும். கோல்ட்ஸ்மித்துக்கும் அவ்வளவுதான்.

1755 என்ற ஆண்டு

ஜான்சனின் அகராதி வந்த இந்த ஆண்டு இரண்டு பகுதிக்கும் சொந்தம். இதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். 1712-இல் ஸ்விஃப்ட், ஆங்கிலத்தைத் திருத்தி நிலைநிறுத்த ஓர் அமைப்பு வேண்டும் என்று கோரி எழுதினார். கும்பலைக் குறிக்கும் மாப் போன்ற வெட்டிச் சுருக்கிய சொற்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. ஜான்சனும் மொழியை நிலைநிறுத்தும் ஆசையோடுதான் வேலையைத் தொடங்கினார். ஏறக்குறைய ஒன்பது ஆண்டு உழைத்து, 42,000-க்கும் மேற்பட்ட சொற்களைத் தொகுத்து முடித்த பிறகு எழுதிய முன்னுரையில், அது நடக்காது என்று ஒப்புக்கொள்கிறார். எந்த அகராதிக்காரனும் தன் மொழியைத் தைலமிட்டுப் பாதுகாக்க முடியாது என்கிறார். ஒரு மனிதன் தன் உழைப்பினாலேயே தன் கருத்தை மாற்றிக்கொண்டதை அவன் கைப்பட எழுதிய பக்கங்கள் அவை. எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. மொழி மாற்றம், தரப்படுத்தல், இலக்கணவாதிகள் என்று எந்தக் கேள்வி வந்தாலும் இந்த முன்னுரை கைகொடுக்கும். உரைநடைக் கேள்வி வந்தாலும் இதுவே சமச்சீர் வாக்கியத்துக்குச் சான்று.

அடுக்குப் பிரிப்புக்கு அதே அகராதியில் ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க். நெட், வொர்க் இரண்டும் பழைய ஆங்கிலச் சொற்கள், எந்தக் குழந்தைக்கும் புரியும். ஜான்சன் அதற்குத் தரும் விளக்கத்தில் ரெட்டிகுலேட்டட், டெகஸேட்டட், இன்டர்ஸ்டிசஸ், இன்டர்செக்‌ஷன்ஸ் என்று லத்தீன் சொற்களாக வந்து நிற்கின்றன. எளிய சொல்லை அதைவிட எளிய சொல்லால் விளக்க முடியாது என்ற சிக்கல் அவருக்கே தெரியும், முன்னுரையில் அதைச் சொல்லியும் இருக்கிறார். அதே ஜான்சன்தான், நல்ல ஆங்கில நடை வேண்டுபவன் இரவும் பகலும் அடிசனைப் படிக்க வேண்டும் என்று பிற்காலத்தில் எழுதினார். தன் நடைக்கு நேர் எதிரான நடையை இவ்வளவு மனதாரப் பாராட்டியதைத் தேர்வில் மேற்கோள் காட்டத் தவறாதீர்கள்.

பிறகு லாம். கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகத்தில் 1792 முதல் 1825 வரை கணக்கு எழுதிக்கொண்டே, எலியா என்ற புனைபெயரில் கட்டுரைகள் எழுதியவர். தொகுப்பு 1823-இல் வந்தது. பிரவுனையும் பர்ட்டனையும் விரும்பிப் படித்ததால் பழஞ்சொற்களை வேண்டுமென்றே நடுவில் வைப்பார். அதைப் பிழையாகவோ பழமைவாதமாகவோ எடுத்துக்கொள்ளாதீர்கள், நினைவுகளைப் பற்றி எழுதுபவர் நினைவில் இருக்கும் சொற்களைத் தொடுகிறார். அவர் நண்பர் ஹாஸ்லிட், சாதாரண நடையில் எழுதுவது சுலபம் என்று நினைப்பது தவறு என்று தனிக் கட்டுரையே எழுதினார். இருவரையும் ஒரே வாரத்தில் படியுங்கள். கார்லைல், ரஸ்கின், ஆர்னல்ட், பேட்டர் நால்வருக்கும் ஆளுக்கு ஒரு பகுதி, ஆளுக்கு ஒரு பக்கக் குறிப்பு போதும். பாடத்திட்டம் பெரிது, எல்லா இடத்திலும் நின்றுவிட முடியாது.

ஆர்வெல் 1946-இல் அரசியலும் ஆங்கில மொழியும் பற்றி எழுதிய கட்டுரை இந்தப் படிப்புக்கே முடிச்சுப் போடுகிறது. 1611 பைபிளின் பிரசங்கி நூலிலிருந்து ஒரு வசனத்தை எடுத்து, ஓட்டப்பந்தயம் வேகமானவனுக்கு அல்ல என்று வரும் பகுதி அது, அதைத் தற்கால அலுவலக ஆங்கிலத்தில் அவரே திருப்பி எழுதிக் காட்டுகிறார். பிறகு எண்ணுகிறார்: மூலத்தில் 49 சொல், 60 அசை. மாற்று வடிவத்தில் 38 சொல், 90 அசை. அந்த 38-இல் 18 சொல் லத்தீன் வேர், ஒன்று கிரேக்கம். நாம் இவ்வளவு நேரம் செய்த அடுக்குப் பிரிப்பையே அவரும் செய்திருக்கிறார்.

நாட்களை எப்படிப் பிரிப்பது

முதல் மாதம் பரமண்டல ஜெபத்தின் நான்கு வடிவங்கள், காக்ஸ்டன், அப்புறம் 1400 முதல் 1611 வரையிலான மொழி வரலாறு. இந்தக் காலத்தில் தொடங்கினால் சொற்கள் பாதி தெரிந்தவையாக இருக்கும், பயம் போகும். இரண்டாம் மாதம் பின்னோக்கிப் பழைய ஆங்கிலத்துக்கும் கிரிமுக்கும் போய்விட்டு, முன்னோக்கி பேக்கன், மில்டன், பிரவுன். மூன்றாம் மாதம் ஸ்ப்ராட்டிலிருந்து ஜான்சன் வரை. நான்காம் மாதத்தின் முதல் பாதி லாமிலிருந்து ஆர்வெல் வரை, மீதி எழுதிப் பார்க்க. வரலாற்றுக்கு ஆல்பர்ட் பாவும் தாமஸ் கேபிளும் எழுதிய ‘எ ஹிஸ்டரி ஆஃப் தி இங்கிலிஷ் லாங்குவேஜ்’ என்ற நூல் ஒன்றை முழுதாகப் படித்தால் போதும், ஐந்து நூல்களை அரைகுறையாகப் புரட்ட வேண்டாம். ஆண்டுகளை நீங்கள் தனியாக உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வேண்டாம். 597, 1066, 1204, 1362, 1476, 1611, 1755 என்று சில முளைகளை அடித்துக்கொண்டு, படிக்கும் ஒவ்வொரு நூலையும் எந்த இரண்டு முளைக்கு நடுவே கட்டுவது என்று பாருங்கள். 597 அகஸ்டின் கென்டில் வந்து இறங்கிய ஆண்டு, லத்தீன் எழுத்து வேரூன்றியது அதைத் தொடர்ந்துதான். வரிசைப்படுத்தும் வினாக்களுக்கு இதுவே போதும். தாமஸ் மோரின் யுடோப்பியா 1516-இல் லத்தீனில் வந்தது, ஆங்கில மொழிபெயர்ப்பு 1551-இல்தான். இப்படி ஒன்றிரண்டு பொறிகளை மட்டும் தனியாகக் குறித்துவையுங்கள்.

எழுதிப் பழகும்போது ஆசிரியர் பெயரை மறைத்த பத்திகளை எடுத்து, எந்த நூற்றாண்டு என்று சொல்லிப் பாருங்கள். பெயரைக் கண்டுபிடிப்பது இரண்டாவதுதான், காரணம் சொல்வது முதலாவது. ‘எத்’ முடிவு இருக்கிறதா, தவ் வருகிறதா, முக்கிய வினை எங்கே நிற்கிறது, பத்துச் சொல்லில் லத்தீன் எத்தனை, உருவகம் வீட்டுப் பொருளிலிருந்து வருகிறதா நூலிலிருந்து வருகிறதா. ஒரு நாளைக்கு ஒரு பத்தி, இருபது நிமிடம். முதல் வாரம் தவறாகத்தான் போகும். ஆறாவது வாரத்தில் பிரவுனையும் ஜான்சனையும் காதாலேயே பிரித்துவிடுவீர்கள். எந்தப் பத்தியில் மாட்டிக்கொண்டாலும் எழுதுங்கள், அந்தப் பத்தியை வரி வரியாகப் பிரித்துப் பார்க்கலாம்.